பேச்சு கேட்காத போன்

பழவேற்காடு கடைத்தெருவில் நுஸைபா நடத்தும் செல்போன் கடைக்கு வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது கேமராவைப் பற்றி. கலைவாணி கேட்டது வேறு.

"இத்த மூடி வெச்சா, உள்ள கீற பொத்தான் தானா அமுங்குமா?"

"மூடி இருந்தா எப்படிக்கா அமுங்கும்? அதுக்குத்தான மடக்கு போனு," என்றாள் நுஸைபா.

அந்த வாய்வார்த்தை கலைவாணிக்குப் போதவில்லை. வெள்ளி நிற மடக்கு போனை மூடினாள். பாலித்தீன் பையில் போட்டு, ஈரத்துண்டில் சுற்றி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துப் பரோட்டா மாவைப் போலப் பிசைந்தாள். பிறகு பிரித்துத் திறந்து திரையைப் பார்த்தாள். எதுவும் மாறியிருக்கவில்லை.

"பாத்துக்கா. வாங்கிட்டு அப்புறம் ஒடைக்கலாம்."

வாசலில் நிறுத்திய சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தான் வேலு, கலைவாணியின் புருஷன். "உட்டுடும்மா. கல்யாணத்துக்கு முன்னாடி என்னயும் இப்படித்தான் பெசஞ்சி பாத்தா," என்றான்.

கலைவாணி சிரிக்கவில்லை. அந்தப் போன் அவளோடு தண்ணீருக்குள் வரப்போகிறது. அவளையும் சேர்த்து ஆறு பெண்களின் உயிர் அதன் மணியில் தொங்கப்போகிறது. சிரிப்பு எங்கிருந்து வரும்?

கழிமேடு, ஏரி ஓரத்தில் ஒரு காலனி. திருப்பாலைவனத்திலிருந்து வரும் பஸ் அதன் பக்கம் திரும்பாது. சாலையில் இறங்கி நடக்கவேண்டும். அங்குள்ளவர்களுக்குப் படகு கிடையாது, வலை கிடையாது. கையால் இறால் பிடிப்பவர்கள். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றுத் தரையை இரண்டு கையாலும் துழாவிக்கொண்டே போவார்கள். விரலில் இறால் துள்ளினால் அமுக்கி எடுத்து, பல்லால் கடித்துப் பிடித்திருக்கும் பனையோலைப் பறிக்குள் போடுவார்கள். கலைவாணி வயதுக்கு வருவதற்கு முன்பே ஏரியில் இறங்கியவள். இப்போது நாற்பதை நெருங்குகிறாள். முன்பல் இரண்டும் பறியின் விளிம்பு பட்டுப் பட்டுத் தேய்ந்துவிட்டன. வாயில் பறி, கையில் சேறு. அந்த நேரத்தில் ஒரு பெண்ணால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: காதால் கேட்பது.

அதற்காகத்தான் போன். கரையில் வேலு உட்கார்ந்திருப்பான். அவனும் முன்பு ஏரியில் இறங்கியவன்தான். திருக்கை மீனின் முள் குத்திய வலது கால் ஆறவே இல்லை. அதை இழுத்துத்தான் நடக்கிறான். கடலோரம் லைட்ஹவுஸ் குப்பத்தில் வலை பின்னும் பிரகாஷ் அவனுக்குக் கூட்டாளி. காற்று கடல் பக்கம் முதலில் கிளம்பும். பிரகாஷ் பார்த்ததும் வேலுவுக்குப் போனில் சொல்வான். வேலு கலைவாணிக்கு அடிப்பான். ஒரு மணி, கட், மறுபடி ஒரு மணி என்றால் இறால் வியாபாரி ஹேமந்த் ஐஸ் பெட்டியோடு வந்துவிட்டான், முடித்துவிட்டு வரலாம். நிறுத்தாமல் அடித்தால் காற்று. உடனே கரைக்கு வரவேண்டும். தண்ணீரில் நின்று யாரும் போனை எடுத்துப் பேசியதே இல்லை. பறியைக் கையில் வாங்கி, சேற்றைக் கழுவி, பையைப் பிரித்து, அப்புறம் ஹலோ சொல்வதற்குள் பாதிப் பறி காலியாகிவிடும்.

அவர்கள் இறால் பிடிக்கும் மண்திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஓர் ஆழமான ஓடை இருக்கிறது. முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் உள்ளே வருகிற வழி அது. சாதாரண நாளில் நெஞ்சளவு. காற்று திரும்பிக் கடல் தள்ளினால் சோறு பொங்குகிற வேகத்தில் ஏறிவிடும். திட்டில் நிற்பவர்களுக்குத் தங்கள் காலடியில் தண்ணீர் ஏறுவது தெரியாது. ஓடைக்கு வந்த பிறகுதான் தெரியும். போன கார்த்திகையில் தெற்குக் கரைப் பெண்கள் இரண்டு பேர் அப்படித்தான் போனார்கள். அவர்களிடம் போன் இல்லை. ஒருத்தியின் பறி மட்டும் வலைக்கம்பில் சிக்கிக் கிடைத்தது.

கலைவாணியிடம் இருந்த பொத்தான் போனும் அவளை ஒரு தடவை ஏமாற்றிவிட்டது. கழுத்துப் பையில் உரசி உரசி, கீழ் வரிசைக் கடைசிப் பொத்தான் தானாக அமுங்கி, மணி ஊமையாகியிருந்தது. வேலு அடித்துக்கொண்டே இருந்திருக்கிறான். ஆர்த்தி, வேலுவின் தம்பி பெண்டாட்டி, முதுகு வலிக்கிறதென்று நிமிர்ந்தபோது கரையில் ஒரு லுங்கி கம்பு நுனியில் பறப்பதைப் பார்த்தாள். அதனால் பிழைத்தார்கள். அதன் பிறகுதான் கலைவாணி மூடி வைக்கிற போனைத் தேடி வந்தாள்.

கண்ணாடிப் பெட்டிமேல் இரண்டு மடக்கு போன்கள் இருந்தன. ஒன்று வெள்ளி, ஒன்று கறுப்பு. இரண்டுமே துபாயிலிருந்து திரும்பியவர்கள் பெட்டியின் அடியில் போட்டுக் கொண்டுவந்த பழைய சரக்கு. கலைவாணி இரண்டையும் சோதித்தாள். திறந்து வைத்தால் பைக்கு மேலிருந்தே பொத்தான் அமுங்குகிறதா? அமுங்கியது. ஈரக் கைக் கட்டைவிரல் ஒன்றாலேயே திறக்க முடிகிறதா? முடிந்தது. நாடியால் நெம்பித் திறந்தாள், அதுவும் முடிந்தது. மூடிய முதுகில் சின்ன ஜன்னல் மாதிரி ஒரு திரை, அதில் நேரமும் டவர் கோடுகளும். திறக்காமலேயே பார்க்கலாம். டீ கிளாஸ் கழுவும் வாளியில் பையோடு முக்கினாள். நுஸைபா கண்ணை மூடிக்கொண்டாள்.

கடைசியாக மணி. "நான் அந்தாண்ட போறேன். நீ அடி," என்று சொல்லி, இரண்டு போனையும் முந்தானைக்குள் செருகிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாள். பொன்னேரி பஸ் எஞ்சினை ஓடவிட்டு நின்றிருந்தது. அதன் பக்கத்தில் போய் நின்றாள். கறுப்புப் போன் அடித்தபோது நெஞ்சில் ஓர் அதிர்வு, அவ்வளவுதான். வெள்ளிப் போன் அடித்தபோது பஸ்ஸில் உட்கார்ந்திருந்த ஓர் ஆள் எட்டிப் பார்த்து, "யம்மா, ஃபயர் சர்வீஸா?" என்றான்.

"இதான்," என்று திரும்பி வந்தாள்.

நுஸைபா தயங்கினாள். சரக்கை விற்றுவிட்டு வாயை மூடிக்கொள்ளும் ஆளில்லை அவள். "ஒண்ணு சொல்லிடறேன்க்கா. இதுல காது ஸ்பீக்கர் அவுட்டு. நீ பேசினா அங்க கேக்கும். அவங்க பேசறது உனக்குக் கேக்காது. அந்தக் கறுப்புல பேச்சு கண்ணாடி மாதிரி இருக்கு. அத்த எடுத்துக்கோ."

"நாங்க எங்க பேசறோம்?"

"ஒரு அவசரம்னா?"

"அவசரம்னாதான் நுஸைபாம்மா பேசவே முடியாது."

"டவர் ரவ தள்ளிப் போனாக்கூட சிக்னல் கெடைக்காம முனகும் இது. பழைய ஐட்டம்."

"எது முனகல? இந்தாளுந்தான் முனகறாரு," என்று வேலுவைக் காட்டினாள் கலைவாணி. இப்போதுதான் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது. வெள்ளிப் போனை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

போன் அவளிடம் இருப்பதற்குக் காரணம் தலைமைப் பதவி ஒன்றும் இல்லை. ஆறு பேரில் அவள்தான் உயரம். தண்ணீர் கடைசியாக அவள் கழுத்துக்குத்தான் வரும்.

ஆரம்பத்தில் வெள்ளிப் போன் நன்றாகவே உழைத்தது. திட்டின் நடுவிலிருந்து அடித்தால் கடைசியில் துழாவிக்கொண்டிருக்கும் ஆர்த்திக்கே கேட்டது. அவள்தான் எப்போதும் ஓரம் வரை போகிறவள். குள்ளம், ஆனால் கை வேகம். ஹேமந்த் வந்த அன்று விட்டு விட்டு இரண்டு மணி வந்தது. பெண்கள் பறியைக் கடித்தபடியே ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

பிறகு ஒரு நாள் ஒரே ஒரு மணி அடித்து நின்றது.

கலைவாணி அடுத்த மணிக்குக் காத்திருந்தாள். வரவில்லை. ஒற்றை மணிக்கு என்ன அர்த்தம் என்று அவர்கள் பேசி வைக்கவில்லை. ஜன்னல் திரையைப் பார்த்தாள். டவர் கோடு ஒன்று தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. ஒருவேளை நிறுத்தாமல் அடித்த மணியில் முதல் துண்டுதான் வந்து சேர்ந்ததோ? கையை உயர்த்தி எல்லோரையும் கரைக்குக் கிளப்பினாள். பாதிப் பறியோடு வந்து பார்த்தால் ஹேமந்த் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். வானத்தில் ஒரு பிசிறு மேகம் இல்லை.

"ரெண்டுதான் அடிச்சேன்," என்றான் வேலு.

"ஒண்ணு வந்துச்சி. ஒண்ண போனு முழுங்கிடிச்சி."

அதே வாரம் மறுபடியும் அப்படியே ஆனது. அதன் பிறகு இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் கலைவாணி எல்லோரையும் கரையேற்றினாள். ஒவ்வொரு தடவையும் ஹேமந்த்தான் நின்றிருந்தான். பெண்கள் வாய்விட்டுப் பேசத் தொடங்கினார்கள்.

"மகாராணி போனு. நெனச்சா கூப்புடும், நெனச்சா வாய மூடிக்கும்," என்றாள் ஆர்த்தி. "பேஜாரா கீதுக்கா. நல்லா படற நேரம் பாத்து ஏத்தி வுட்டுடற. ஹேமந்த் இன்னா, ஓடியா போய்டப் போறான்?"

"காத்தா இருந்தா?"

"காத்துன்னா மாமா நிறுத்தாம அடிக்கும். அதுல ஒண்ணு ரெண்ட முழுங்கினாலும் மிச்சம் வருமில்ல? மூணு தபா ஒத்த மணி வந்துச்சி. மூணு தபாவும் ஹேமந்த். இன்னும் இன்னா உஷார் வேணும்?"

மற்றவர்களும் அதையே சொன்னார்கள். கணக்கு சரியாகத்தான் தெரிந்தது. நுஸைபா கடையில் போனைப் பிசைந்து, முக்கி, பஸ் சத்தத்தில் நிறுத்திச் சோதித்தவளுக்கு, இதைச் சோதிக்க ஒரு வழியும் தெரியவில்லை. எதிர்த்துப் பேசிப் பேசி அவளுக்கே அலுத்திருந்தது. "சரி. இனிமே ஒண்ணு வந்தா ஹேமந்த்துதான். போதுமா?" என்றாள்.

தண்ணீரில் நின்றபடி அவர்களுக்குள் செய்துகொண்ட முடிவு அது. அன்று மாலை அதை வேலுவிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தாள். இறால் தரம் பிரிக்கும் சண்டையில் மறந்துபோனாள்.

ஐப்பசி நடுவில் மழை இரண்டு நாள் விட்டது. புதுத்தண்ணீர் இறங்கிய ஏரியில் இறால் திட்டுப் பக்கம் குவியும் நேரம். அன்று காலை ஏரி எண்ணெய் ஊற்றி வைத்தது போல அசையாமல் கிடந்தது. காற்றே இல்லை. வேலுவுக்கு அதுவே பிடிக்கவில்லை.

"பிரகாஷ் சொல்றான், குப்பத்துல படகெல்லாம் மேல இழுத்துப் போட்டுட்டாங்களாம். கடலு முழங்கற சத்தம் சரியில்லையாம்."

"ரேடியோல எதனா சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லல."

"அப்புறம் இன்னாய்யா? நீ ஒக்காந்து பாத்துக்கினு இரு."

ஓடையை நெஞ்சளவில் தாண்டினார்கள். திட்டில் இறால் கைநிறைய வந்தது. இத்தனை நாளில் அப்படிப் பட்டதில்லை. விரலுக்கு விரல் துள்ளியது. ஆர்த்தி வழக்கம்போல ஓரத்துக்குப் போய்விட்டாள். யாரும் நிமிரவில்லை.

போன் அடித்தது. ஒரு மணி. நின்றது.

ஐந்து பெண்களும் குனிந்தபடியே தலையை மட்டும் திருப்பிக் கலைவாணியைப் பார்த்தார்கள். அவள் தலையாட்டினாள்: ஹேமந்த். ஐந்து தலைகளும் திரும்பிக்கொண்டன. அவளும் சேற்றுக்குள் கையை விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கை சொன்னது. இறால் இல்லை. ஒரு துழாவலுக்கு முன்பு வரை கொத்துக் கொத்தாகக் கிடந்தவை சேற்றுக்குள் இறங்கிவிட்டிருந்தன. அடுத்து, முழங்கைக்குக் கீழே சில்லென்று ஒரு கோடு ஓடியது. மேலே ஏரித் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க, அடியில் மட்டும் ஒரு குளிர். கடல் தண்ணீர் தரையோடு தரையாக உள்ளே நுழைந்துகொண்டிருந்தது.

நிமிர்ந்தாள். வெயில் அடித்தது. கரை தெளிவாகத் தெரிந்தது, ஆனால் வேலு எறும்பளவுதான். லுங்கி எதுவும் பறக்கவில்லை. ஜன்னல் திரையில் டவர் கோடு ஒன்றுகூட இல்லை. பறியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நாடியால் நெம்பிப் போனைத் திறந்தாள். பை மேலேயே அமுக்கி வேலுவுக்கு அடித்தாள். போன வருஷமும் இந்த வருஷமும் சேர்த்து, அந்தத் திட்டில் நின்று அவள் பேச முயன்றது அதுதான் முதல் தடவை.

"யோவ், காத்தாய்யா? காத்துன்னா இப்ப அடி. நிறுத்தாம அடி."

காதில் எதுவும் இல்லை. போய்ச் சேர்ந்ததா, பாதியில் அறுந்ததா, அவன் பதில் சொல்லித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறானா, அவளுக்குத் தெரிய வழியில்லை. மூடினாள். மணி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றாள். அப்படி நின்ற நேரம் கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் வடகிழக்கே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் தீவுக்கு மேலே, வானத்தின் அடிவிளிம்பு கரிச்சட்டியின் அடியைப் போலக் கறுத்துவிட்டது.

கலைவாணி தன் பறியைத் தண்ணீரில் விட்டாள். அது கவிழ்ந்து, இறால் சிதறி, மிதந்து போனது.

சத்தம் போடவேண்டிய அவசியமே வரவில்லை. பறியை விட்டவளை யாரும் அதுவரை பார்த்ததில்லை. ஒருத்தி பார்த்தாள், அடுத்தவளைத் தட்டினாள். பற்கள் திறந்தன. பறிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஆர்த்தி மட்டும் ஓரத்தில் குனிந்தே இருந்தாள். கலைவாணி சேற்றில் கால் புதையப் புதைய ஓடிப்போய் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாக்கா? ஒண்ணுதான அடிச்சிது?"

"வாடி!"

ஓடை விளிம்புக்கு வந்தபோது காற்று வந்துவிட்டது. ஏரி முழுவதும் ஒரே தடவையில் தோல் உரிந்ததுபோல் வெளுத்தது. அடுத்து மழை. கரை இருந்த இடத்தில் இப்போது எதுவும் இல்லை. ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துக்கொண்டு, உயரமானவள் முன்னால் இறங்கினாள். நெஞ்சு, கழுத்து, உதடு. நடு ஓடையில் ஆர்த்தியின் கால் தரையை விட்டுவிட்டது. இரண்டு பக்கமும் பிடித்திருந்த கைகளில் அவள் துணி மாதிரி இழுபட்டு வந்தாள். நீரோட்டம் அவர்களை நேராகப் போக விடவில்லை. தெற்கே தள்ளித் தள்ளி, முழங்காலில் மண் தட்டியபோது அவர்கள் வழக்கமாக ஏறும் இடத்திலிருந்து வெகுதூரம் விலகியிருந்தார்கள்.

கரையில் விழுந்து, இருமி, உப்புத் தண்ணீரைக் கக்கி, ஒருவரையொருவர் தொட்டு எண்ணிப் பார்த்தார்கள். ஆறு பேரும் இருந்தார்கள். ஒருத்தி அழத் தொடங்கினாள். ஆர்த்தி, "எம் பறி போச்சு" என்றாள், ஏதோ அதுதான் நடந்தது போல.

மழைக்குள் கரையோரமாகவே வடக்கே நடந்தார்கள். யாரோ கைவிட்டுக் கவிழ்த்துப் போட்ட பழைய படகு தெரிந்தது. வேலு எப்போதும் அதன் நிழலில்தான் உட்காருவான். சைக்கிள் அங்கே சாய்ந்து கிடந்தது. வேலு இல்லை.

"வூட்டுக்குப் போயிருப்பாருக்கா," என்றாள் ஒருத்தி.

"நம்மளத் தண்ணில வுட்டுட்டா?"

கலைவாணி போனைத் திறந்தாள். கரையில் டவர் இருந்தது. கோடுகள் நிமிர்ந்து நின்றன. வேலுவுக்கு அடித்தாள். காதில் வைத்தாள். வெறும் பிளாஸ்டிக். அடிக்கிறதா, எடுத்தானா, எதுவும் தெரியவில்லை. "எடுய்யா, எடுய்யா" என்று அதற்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அப்போது ஆர்த்தி அவள் கையைப் பிடித்தாள். "அக்கா. இங்க."

படகுக்கு அடியிலிருந்து மணிச்சத்தம் வந்தது. குனிந்து பார்த்தார்கள். மழை படாத இடத்தில், துண்டில் சுற்றி, செருப்பின் மேல் பத்திரமாக வைக்கப்பட்டு, வேலுவின் போன் அடித்துக்கொண்டிருந்தது.

போனைத் துண்டில் சுற்றி வைத்துவிட்டு ஒரு மனிதன் எங்கே போயிருப்பான் என்று ஏரிக்காரர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. நிறுத்தாமல் அடித்திருக்கிறான். அவர்கள் வரவில்லை. மறுபடி அடித்திருக்கிறான், மணி போகவில்லை. அந்தக் காலோடு இறங்கிவிட்டான்.

படகில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக் கலைவாணி இடுப்பில் சுற்றிக்கொண்டாள். ஆர்த்தியை வேண்டாம் என்றாள், ஆர்த்தி கேட்கவில்லை. மற்ற நான்கு பேரும் கயிற்றின் நுனியைப் பிடித்துக் கரையில் காலூன்றி நின்றார்கள். ஓடை விளிம்பில் வலைகாரர்கள் முறைவைத்து வலை கட்டுவதற்காக ஊன்றிய கம்புகள் வரிசையாக நிற்கும். தண்ணீரில் விழுந்தவன் நீரோட்டத்தோடு போனால் அந்த வரிசையில்தான் மாட்டுவான். தெற்குக் கரைப் பெண்ணின் பறி மாட்டியதும் அங்கேதான். கலைவாணி அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஒவ்வொரு கம்பாகத் தொட்டுத் தொட்டுப் போனாள். வெறும் கம்பு. வெறும் கம்பு. அடுத்ததில் கை பட்டபோது அது கம்பாக இல்லை, முழங்கையாக இருந்தது.

வேலு கம்பைக் கட்டிக்கொண்டு தொங்கினான். தண்ணீர் மூக்குக்கு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. உதடு நீலம் பூத்திருந்தது. அவளைப் பார்த்ததும் அவனுக்கு வந்தது கோபம்தான்.

"நிறுத்தாம அடிச்சேன்டி! ஏன்டி வரல?"

"ஒண்ணுதான்யா வந்துச்சி."

"ஒண்ணு வந்தா வருவியே! மூணு தபா வந்தியே!"

கலைவாணி அவன் அக்குளுக்கு அடியில் கையைக் கொடுத்தாள். பின்னாலிருந்து ஆர்த்தி, வாயில் புகுந்த தண்ணீரைத் துப்பிக்கொண்டே, "நாந்தான் மாமா சொன்னேன், ஒண்ணு வந்தா ஹேமந்த்துன்னு" என்றாள்.

"ஹேமந்த் இன்னிக்கி வரவே இல்லடி!" என்று கத்தினான் வேலு. அதற்குமேல் அவனுக்கு மூச்சு இல்லை. கயிறு இறுகியது, கரையிலிருந்து நான்கு பேர் இழுத்தார்கள்.

அந்த மழை இரவெல்லாம் பெய்து, அடுத்த நாளும் பெய்து ஓய்ந்தது. வேலுவின் கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியது. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு, தண்ணீர் பக்கமே போகக்கூடாது என்று அனுப்பினார்கள். மின்கம்பங்கள் சாய்ந்ததில் பழவேற்காடு கடைத்தெரு இருண்டு கிடந்தது. கலைவாணி கறுப்புப் போனைக் கேட்கப் போனபோது நுஸைபாவின் கடை ஷட்டர் இறங்கியிருந்தது. எப்போது திறப்பாள் என்று பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரியவில்லை.

ஆனால் இறால் காத்திருக்காது. அடுப்பும் காத்திருக்காது. புதுப் பறி முடைந்துகொண்டு ஆறு பேரும் மறுபடி இறங்கினார்கள். வேலு கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு, கவிழ்த்த படகின் நிழலில் உட்கார்ந்தான். வெள்ளிப் போன் கலைவாணியின் கழுத்தில் இருந்தது. வேறு போன் இல்லை.

"ஒண்ணோ, பாதியோ, எத்த அடிச்சாலும் கரைதான்," என்று இந்தத் தடவை ஆர்த்தியே சொன்னாள். "ஹேமந்த் வந்தா வரட்டும், போனாப் போவட்டும்."

நல்ல வெயில். லேசான காற்று, எப்போதும் இருக்கிற காற்று. திட்டில் இறால் பட்டது. கலைவாணியால் துழாவ முடியவில்லை. இரண்டு இறாலுக்கு ஒரு தடவை நிமிர்ந்து ஜன்னல் திரையைப் பார்த்தாள். கோடு இருந்தது. குனிந்தாள். நிமிர்ந்தாள். கோடு இல்லை. மறுபடி இருந்தது. மணி மட்டும் வரவில்லை. மணி வந்தால் என்ன செய்யவேண்டும் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். மணி வராவிட்டால்? காற்று இல்லாததால் வரவில்லையா, வந்த மணியைப் போன் முழுங்கிவிட்டதா? அடிக்கிற மணியையாவது எண்ணலாம். அடிக்காத மணியை எதை வைத்து எண்ணுவது? கீழே விரல்களுக்கு நடுவே இறால் துள்ளிக்கொண்டிருந்தது. தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருந்தது. அதுவும் அவளுக்கு ஆறுதலாக இல்லை.

பறியைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"கெளம்பலாம்," என்றாள்.

பறிகள் பாதிகூட நிறையவில்லை. ஆர்த்திதான் முதலில் திரும்பி நடந்தாள். ஓடை நெஞ்சளவில் அமைதியாகக் கிடந்தது.

அவர்கள் வருவதைப் பார்த்து வேலு படகைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். "இன்னாமே? நான் அடிக்கவே இல்லியே?"

"ஆமா. அதான் வந்துட்டோம்."

வேலு மடியிலிருந்து தன் போனை எடுத்து, திரையைத் துடைத்துப் பார்த்தான். பிறகு லைட்ஹவுஸ் குப்பம் இருக்கும் பக்கம் திரும்பினான்.

"காலைலேர்ந்து பிரகாஷும் அடிக்கல," என்றான்.

பெண்கள் பறியை மணலில் வைத்தார்கள். ஏழு பேரும் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.